திருப்பி ஓடும் கடிகாரம்

வெள்ளைச்சாமி இறந்து நாற்பது நாள் கழிந்த சனிக்கிழமை, அவர் மனைவி கலியம்மாளும் மகன் இராமலிங்கமும் பெரம்பலூரில் பஸ் ஏறினார்கள். யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் பெட்ரோல் சரியாகக் கிடைக்கவில்லை. பஸ் கரிப் புகையில் ஓடியது; அதன் முதுகில் கரி அடுப்பு எரிந்தது. மேடு வந்தால் ஆட்கள் இறங்கி நடந்தார்கள். அரியலூரில் வேறு பஸ், ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுவண்டி. வெயில் தாழ்ந்த நேரத்தில் கோட்டைக்கரை அரண்மனையின் வாசல் தெரிந்தது.

ஜமீன்தார் குடும்பம் பட்டணத்துக்குக் குடிபோய்ப் பதினாறு வருஷம். காலியாகக் கிடந்த அரண்மனையில் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் சனி, ஞாயிறு தங்கிப் போவார்கள். ஏரியில் குளிப்பார்கள், வாத்து சுடுவார்கள். இராமலிங்கம் மராமத்து இலாகாவில் ஓவர்சீயர். அரண்மனை மேனேஜரிடம் சீட்டு வாங்கியிருந்தான். ஆனால் அவன் குளிக்கவோ சுடவோ வரவில்லை. ஒரு கடிகாரத்தைப் பார்க்க வந்தான்.

வெள்ளைச்சாமி அந்த அரண்மனையில் பத்தொன்பது வருஷம் பங்கா இழுத்தவர். பெரிய கூடத்தில் ஜமீன்தாரின் தலைக்கு மேல் தொங்கும் துணி விசிறியை, சுவருக்கு வெளியே உட்கார்ந்து கயிற்றால் ஆட்டுவது வேலை. மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருவார். வந்தால் கூடத்தின் பேச்சுதான்.

"நாற்காலிக்கு எதிர்த்தாப்ல நின்னு பாத்தா, எடப்பக்கம் ஆனைத் தந்தம், ஆளு ஒசரம். வலப்பக்கம் கடியாரம். அந்தக் கடியாரம் திருப்பி ஓடும். முள்ளு பின்னாலயே போவும்."

தூக்கத்தில்கூட அவர் வலது கை ஆடும். கலியம்மாள் பிடித்து நிறுத்துவாள்.

இராமலிங்கத்துக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, அவனோடு படிக்கிற பையன்கள் மூன்று பேர் எதிரில் அவர் இதைச் சொன்னார். வேலை போய் முந்திரிக் காட்டில் காவல் இருந்த காலம் அது.

"திருப்பி ஓடுற கடிகாரம் ஒலகத்துலயே கெடையாது. நீங்க அந்தக் கூடத்துக்குள்ள கால் வச்சிருந்தாத்தானே தெரியும்" என்றான் இராமலிங்கம்.

பையன்கள் சிரித்தார்கள். வெள்ளைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காவலுக்குப் போய்விட்டார். அதன் பிறகு பதின்மூன்று வருஷம், சாகும்வரை, அரண்மனையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் கலியம்மாள் சொன்னாள்: "ஒங்கப்பாவப் பொய்யின்னு சொன்னியே. போயி ஒரு தடவ பாத்துரு. நானும் வரேன். பொய்யின்னா பொய்யின்னே தெரிஞ்சுட்டுப் போவட்டும்."

அரண்மனையைப் பார்த்துக்கொள்பவர் அய்யாக்கண்ணு. அறுபத்தைந்து வயது. இடுப்பில் கனத்த சாவிக்கொத்து. கலியம்மாள் யாரென்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது.

"வெள்ளைச்சாமி சம்சாரமா? போயிட்டானா? அடப்பாவி, என்னைவிட சின்னவனாச்சே." சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்தார். "வாங்க தங்கச்சி. முன்வாசல் வழியாவே வாங்க. அவன் பின்வாசல்லதான் வருவான், போவான்."

கூடத்தின் கதவைத் திறந்தார். இராமலிங்கம் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். பாலங்களும் மதகுகளும் கட்டிய கண் அவனுடையது. முப்பதடி நீளம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. ஒரே மரத்தில் அறுத்த தேக்கு உத்தரங்கள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போயின. சுவரில் முட்டைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்பு. விரலை வைத்தான். வழுக்கியது. நூற்றைம்பது வருஷத்தில் ஒரு கீறல் இல்லை. வெறுங்காலுக்குக் கீழே கருங்கல் தரை ஏரித் தண்ணீர் போலக் குளிர்ந்தது. தலைக்கு மேல் பங்கா தொங்கியது. ஒட்டடையோடும் அது ஒரு கப்பற்பாய் போலிருந்தது.

கலியம்மாள் தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

தெற்குச் சுவரை ஒட்டி ஜமீன்தாரின் நாற்காலி. இராமலிங்கம் அதற்கு எதிரே போய் நின்றான். தந்தம் இருந்தது, ஆள் உயரம். ஆனால் வலப்பக்கம். கடிகாரமும் இருந்தது. இடப்பக்கம். அதன் வட்ட முகப்பு பெரியது, இரண்டடி விட்டம். நொடி முள் எல்லாக் கடிகாரத்திலும் ஓடுகிற மாதிரியே ஓடியது.

"எடம் மாத்தி வச்சீங்களா?" என்றான்.

"தந்தத்தையா? அது கல்லுல பதிச்சது தம்பி. எங்க தாத்தா காலத்துலேருந்து அங்கதான்."

"கடிகாரம்?"

"அதுவும் அங்கயேதான். வாராவாரம் நான்தான் சாவி குடுக்கறேன்."

"அது திருப்பி ஓடினதுண்டா?"

அய்யாக்கண்ணு அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஓவர்சீயருக்குப் படிச்சவங்கதானே நீங்க?"

 கலியம்மாள் தந்தத்தை ஒருமுறை பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

அய்யாக்கண்ணு குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனைக்காதீங்க தம்பி. ஒங்கப்பா இதுக்குள்ள வந்ததே இல்ல. பங்கா இழுக்கறவன் உள்ள வரக்கூடாதுன்னு அந்தக் காலத்து வழக்கம். ஆனா ஒண்ணு. மத்த ஆளுவள 'இழுடா, இழுடா'ன்னு கத்திக்கிட்டே இருக்கணும். வெள்ளைச்சாமிய ஒரு நாளும் யாரும் கத்தினதில்ல. எசமான் கழுத்தத் தொடைச்சா பங்கா வேகமாவும். கண்ண மூடினா மெதுவாவும். சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு இன்னிவரைக்கும் வெளங்கல."

அன்று இரவு அவர்களுக்கு விருந்தினர் அறையில் கட்டில் போட்டிருந்தது. கலியம்மாள் தரையில் படுத்தாள். 

ஞாயிறு காலை இராமலிங்கம் தனியாகப் பின்பக்கம் போனான். கூடத்தின் தெற்குச் சுவருக்கு வெளியே ஒரு ஒடுக்கமான நடை. அதில் வெளிச்சுவரை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு செங்கல் மேடை. மேடைக்கு எதிரே, கூடத்துச் சுவரில் அரையடிச் சதுரத்தில் ஒரு துளை. கயிறு உராயாமல் இருக்கப் பித்தளை உருளை. கயிறு இற்றுப்போய், நுனி மட்டும் தொங்கியது.

மேடையில் ஏறி உட்கார்ந்தான். துளைக்குக் கீழே சுவரின் காரையில் இரண்டு பள்ளங்கள். கையால் தடவிப் பார்த்தான். காலை உதைத்துக்கொண்டு இழுத்த பாதங்களின் பள்ளம். தன் பாதங்களை அவற்றில் வைத்தான். பொருந்தின.

இல்லாத கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். இழுக்கும்போது உடம்பு பின்னால் சாய்ந்தது. விடும்போது முன்னால் போனது. முன்னால் போனபோது கண் துளைக்கு நேரே வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பார்வை.

துளையில் முகத்தை வைத்தான். உட்பக்கம் துளை விரிந்திருந்தது. கூடத்தின் அந்தக் கோடியில், வடக்குச் சுவரில், ஒரு வெள்ளைத் துணி மட்டும் தெரிந்தது. நேற்று அதை அவன் படுதா என்று நினைத்திருந்தான். உள்ளே அய்யாக்கண்ணு துடைப்பமும் துணியுமாக நடமாடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டுகிற நாள்.

அவர் படுதாவின் ஓரத்தைப் பிடித்து உருவினார்.

சுவர் அகலத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி.

கூடம் முழுவதும் அதற்குள் இருந்தது. உத்தரங்கள், பங்கா, காலை வெயில், நாற்காலி. நாற்காலிக்கு இடப்பக்கம் தந்தம். வலப்பக்கம் கடிகாரம். நொடி முள் பன்னிரண்டிலிருந்து பதினொன்று இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. அங்கிருந்து பத்தின் இடத்துக்கு.

இராமலிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணாடி இடத்தை வலமாக்கும் என்பது அவனுக்குத் தெரியும். பாடத்தில் படம் வரைந்து மார்க்கு வாங்கியிருக்கிறான். அப்பாவுக்கு யாரும் வரைந்து காட்டவில்லை. முப்பதடி தள்ளி இருப்பது கண்ணாடி என்றுகூட அவருக்குத் தெரிந்திராது. அந்தப் பக்கம் இன்னொரு கூடம் நீண்டு போகிறது என்று நினைத்திருப்பார். கண்ணால் கண்டதைச் சொன்னார். எசமான் கழுத்தைத் துடைத்ததைக் கண்டார், வேகமாக இழுத்தார். நிமிஷத்துக்கு எத்தனை இழுப்பு, நாளைக்கு எத்தனை மணி, பத்தொன்பது வருஷத்துக்கு எத்தனை பார்வை என்று கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

துளையில் வாயை வைத்து, "அம்மாவ வரச் சொல்லுங்க" என்றான்.

அய்யாக்கண்ணு துள்ளி விழுந்தார். "எந்தப் பக்கமிருந்துய்யா பேசறே? வயசான ஆளு, பாத்துப் பேசு." பிறகு, கண்ணாடிக்குள்ளிருந்த துளையைக் கண்டுபிடித்து அதையே பார்த்தார். அவர் கையிலிருந்த துடைப்பம் மெல்லக் கீழே இறங்கியது. சுவருக்கு வெளியே இருந்தவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இப்போது அவருக்கும் விளங்கியது.

கலியம்மாள் வந்தாள். இராமலிங்கம் அவளை மேடையில் ஏற்றி உட்கார வைத்தான். அவள் கால்கள் பள்ளத்துக்கு எட்டவில்லை. முன்னால் குனிந்து துளையில் முகம் வைத்தாள்.

"தந்தம் எந்தப் பக்கம்மா?"

"எடப்பக்கம்."

"கடிகாரம்?"

அவள் முகத்தைத் துளையோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து அய்யாக்கண்ணுவின் குரல் கேட்டது: "என்ன ஓவர்சீயர் தம்பி, கடிகாரம் எந்தப் பக்கம் ஓடுது?"



"திருப்பித்தான் ஓடுது" என்றான் இராமலிங்கம்.

வாசலில் வண்டிக்காரன் மாட்டைப் பூட்டிவிட்டுக் குரல் கொடுத்தான். மதியம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"எறங்கும்மா, நேரமாவுது."

"இருடா" என்றாள் கலியம்மாள், துளையிலிருந்து முகத்தை எடுக்காமல். "அவரு பத்தொம்பது வருசம் பாத்தாரு. நான் கொஞ்ச நேரம் பாத்துட்டு வரேன்."