அத்தை கன்னத்தில் ஏறாத ஊசி

நாற்பதைத் தாண்டிய பிறகு அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்த ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சிரிப்புத்தான். அத்தை என் நைனாவின் தங்கை. திருத்தணியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்தாள். அறுந்த நூலை உற்று உற்றுப் பார்த்தே நெற்றியில் கோடுகள் விழுந்திருந்தன. மாப்பிள்ளை அரக்கோணம் ரயில்வேயில் இருந்தார், மனைவியை இழந்தவர். ஆவணியில் மலைமேல் முருகன் கோயிலில் தாலி கட்டுவதாக ஏற்பாடு.

நான் அப்போது சென்னையில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். லீவில் ஊருக்கு வரும்போது வெள்ளைச் சீருடையைப் பையின் மேலாகவே வைத்திருப்பேன், பஸ்ஸில் நாலு பேர் பார்க்கட்டும் என்று. அதில் எனக்கு வெட்கமே இல்லை.

வந்த அன்றே அத்தை என்னைத் தனியாக இழுத்துப் போனாள்.

"அரக்கோணத்துல ஒரு டாக்டர் சனிக்கிழமை சனிக்கிழமை லாட்ஜுல வந்து உக்காந்துகினு இருக்காராம். சிலிக்கான்னு ஒரு மருந்தாம். ஊசியில ஏத்துனா சுருக்கமெல்லாம் மேவிடுமாம். சினிமாக்காரங்களே போட்டுக்கறாங்களாம். நீ கூட வாடி, இங்கிலீஷ்ல எதுனா சொன்னா நீ கேட்டுக்குவ."

எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். போட்டுச் சில வருடங்கள் கன்னம் அழகாகத்தான் இருந்ததாம். பிறகு ஒருநாள் தடித்துச் சிவந்து, கட்டி கட்டியாகிவிட்டது. போட்ட இடத்தில் நில்லாமல் மருந்து தாடைப் பக்கம் இறங்கியிருந்தது. "வெளிநாட்டில் சில டாக்டர்கள் இதைத் துளித்துளியாகப் போட்டு, நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நான் என் கையால் போடமாட்டேன்" என்றார் எங்கள் சர்ஜன். "பிசைந்த மாவிலிருந்து எண்ணெயைத் தனியாக எடுக்க முடியுமா? மாவையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்."

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். அவள் அசரவில்லை.

"உங்க நைனா வருசா வருசம் ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்திக்கிறாரே. இந்தக் கன்னத்துல வுட்டு அந்தக் கன்னத்துல எடுக்கறாங்க, அம்மாம் பெரிய வேல். விபூதி வெச்சா ஆறிப்போது. இத்துனூண்டு ஊசி இன்னாடி பண்ணும்?"

போன வாரம்தான் நைனா அலகு குத்திக்கொண்டு மலையேறியிருந்தார். கூடத்தில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு வடுகூட இல்லை.

"அந்த வேலைக் கோயில்லயே கழட்டிடறாங்க இல்ல அத்தை. இதைக் கழட்ட முடியாது. உள்ளயே தங்கிடும்."

"நர்சம்மா வந்துட்டா" என்றாள். ஆனாலும் சனிக்கிழமை கிளம்பும்போது கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தாள்.

அரக்கோணத்தில் லாட்ஜ் மாடியறை. சட்டை மடிப்புக் கலையாத ஓர் ஆள் அத்தையின் முகவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினான். "ரெண்டு மூணு தடவை போட்டா இருபது வயசுப் பொண்ணாயிடுவீங்க" என்றான். மேஜைமேல் ஒரு குப்பி. நான் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லேபிள் இல்லை. அவ்வளவு தூரம் படித்துவிட்டு வந்தவளுக்குப் படிக்க அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"இது எந்தக் கம்பெனி மருந்துங்க?"

"ஃபாரின்மா" என்றான்.

நான் அடுத்ததைக் கேட்பதற்குள் அத்தை கேட்டுவிட்டாள். "ஒத்துக்கலன்னா எப்படி எடுப்பீங்க?"

"ஏன்மா எடுக்கணும்? இது பர்மனென்ட்."

"அதான் கேக்கறேன். எடுக்கணும்னா?"

அவன் ஊசியைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "எடுக்கல்லாம் முடியாதும்மா."

அத்தை எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "கட்டிக்கப்போற மனுசனே பர்மனென்ட்டான்னு தெரியாம பயந்துகினு இருக்கேன். இதுல உன்ன நம்பி மூஞ்சியில ஏத்திக்கட்டுமா? போய் வேற வேல பாருய்யா."

படியிறங்கும்போது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்டேஷனுக்கு வந்து பிளாட்பாரக் கடையில் டீ சொன்னோம். டீ கைக்கு வருவதற்குள், பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக மாப்பிள்ளையே எதிரில் வந்து நின்றார். அவர் வேலை பார்க்கும் ஸ்டேஷன் அது என்பது எங்கள் இருவருக்குமே அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது.

"இன்னா, இந்தப் பக்கம்?"

கல்யாணத் துணி எடுக்க வந்தோம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"மூஞ்சி சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்க வந்தேன். போட்டுக்கல. இந்த மூஞ்சிதான் இருக்கும். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பொண்ணு பாக்க வந்தப்போ நான்கூட மீசைக்கு மை தடவிகினுதாங்க வந்தேன்."

"தெரியும்" என்றாள் அத்தை. "காபி டம்ளர் வெளிம்பெல்லாம் கறுப்பா ஒட்டிகினு இருந்துச்சி. தேய்ச்சிக் கழுவுனதே நான்தான்."

அவர் சட்டென்று மீசையைக் கையால் மூடிக்கொண்டார். "தெரிஞ்சுமா சரின்னு சொன்னீங்க?"

"ஆங்" என்றாள் அத்தை. எங்கள் ரயில் வந்து நின்றதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

ஆவணியில் மாப்பிள்ளை நரைத்த மீசையோடு மலையேறினார். தாலி கழுத்தில் ஏறும்போது அத்தை வாய்கொள்ளாமல் சிரித்தாள். கண்ணோரத்திலும் நெற்றியிலும் உள்ள கோடுகள் ஒன்று விடாமல் அத்தனையும் தெரிந்தன. அவள் அன்றைக்கு இருந்த அழகை இந்தக் குடும்பத்தில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எழுதி வைக்கிறேன்.