கழுவி வைத்திருந்த தரை

தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பு கற்றுக்கொள்ள, சென்னை தி. நகரில் ஒரு சிறிய பயிற்சி மையத்தில் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் அடுத்தவர் கோபத்தை நாள் முழுக்கக் காதில் வாங்கி அலுத்துப்போய், அந்த வேலையை விட்டிருந்தேன். மந்தைவெளியில் எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தப் படிப்பு பிடிக்கவில்லை. அதனாலேயே நன்றாகச் செய்துகாட்ட வேண்டும் என்று ஒரு வெறி.

எங்கள் ஆசிரியை முதல் வகுப்பிலேயே இரண்டு விஷயங்களை மண்டையில் ஏற்றினார். கேமரா ஓடுகிறதா என்று இயக்குநர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேமராக்காரர் "ரோலிங்" என்று சொன்ன பிறகுதான் எதுவும் நடக்க வேண்டும். அப்புறம், ஒரே செயலைத் தூரத்திலிருந்தும், கொஞ்சம் நெருங்கியும், மிக அருகிலும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். "இல்லைன்னா எடிட்டிங்ல உக்காந்து அழுவீங்க" என்பார்.

அந்த மழைக்காலத்தில் வேளச்சேரியில் வழக்கம்போல் தண்ணீர் புகுந்தது. வடிந்ததும் நானும் என் வகுப்புத் தோழனும் பறக்கும் ரயிலில் போனோம். ஒரு சின்னப் பயிற்சிப் படம். கேமரா அவன், இயக்கம் நான்.

ஒரு சந்தில், தரைத்தள வீட்டிலிருந்து ஓர் அக்கா மெத்தையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். இட்லி மாவு அரைத்து விற்பவர். கணவர் வேலைக்குப் போய்விட, தனியாக வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சாக்கடைத் தண்ணீர் குடித்து உப்பிய மெத்தை நகரவே மாட்டேன் என்றது. படம் எடுக்கலாமா என்று கேட்டதற்குத் தலையாட்டினார். "எடுறா எடுறா" என்று கத்தினேன். கேமரா ஓடுகிறதா என்று கேட்கவில்லை.

மெத்தை தெருவுக்கு வந்ததும் அவர் சேற்றை வாரிக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, தரையைப் பளிச்சென்று தேய்த்துக் கழுவினார். ஈரம் மின்னிய அந்தத் தரையையும் எடுத்தோம். அப்புறம்தான் தோழன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மச்சி, மெத்தை ரெக்கார்டே ஆவல."

மெத்தை இல்லாமல் படமே இல்லை என்று எனக்குத் தோன்றியது. "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அதத் திரும்ப உள்ள போட்டு, இன்னொரு தடவ இழுக்க முடியுமா?"

அவர் தெருவில் கிடந்த மெத்தையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "டிவில வந்தா கார்ப்பரேசன் ஆளுங்க பாப்பாங்கல்ல? கால்வாய்ல சேத்த அள்ளுங்கன்னு சொல்லிக்கினே கீறோம், ஒருத்தனும் வர்ல."

அந்தப் படம் எங்கள் வகுப்பறையைத் தாண்டாது என்று எனக்குத் தெரியும். "பாப்பாங்கக்கா" என்றேன்.

"அப்ப சரி. தரைதானே, கழுவிக்கலாம்."

மெத்தையை உள்ளே கொண்டுபோக நாங்களும் கைகொடுத்தோம். வெளியே இழுக்கும்போது மட்டும் ஒதுங்கிக்கொண்டோம். தூரத்திலிருந்து ஒரு தடவை. நெருங்கி ஒரு தடவை. கைகள் மட்டும் தெரிய இன்னொரு தடவை என்று கேட்டபோதும் அவர் மறுக்கவில்லை. அந்த மூன்றாவது தடவை பாதி வழியில் நின்றார். "தோ, ஒரு நிமிசம்மா" என்று சிரித்தபடி மெத்தைமேலேயே உட்கார்ந்தார். தரை முழுக்கக் கறுப்புக் கோடுகள். அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வடிந்தது. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். கேமரா அவர் முகத்துக்குப் போனது. தோழன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "கட்" என்று நான் சொல்லவேண்டிய நேரம். சொல்லவில்லை.

நாங்கள் கிளம்பும்போது அவர் மறுபடியும் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

வகுப்பில் அந்த அழுகையைத்தான் ஆசிரியை பாராட்டினார். "எவ்வளவு பொறுமையா காத்திருந்திருக்கே" என்றார். அது நான் மூன்றாவது தடவை இழுக்கவைத்து எடுத்த டேக் என்று சொல்ல வாயெடுத்து, எல்லாரும் கைதட்டவும் உட்கார்ந்துவிட்டேன்.

மனம் கேட்காமல் படத்தை எடுத்துக்கொண்டு வேளச்சேரிக்குப் போனேன். அது டிவியில் வராது என்று முதலில் சொல்லிவிட்டேன். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "சரி, காட்டு" என்றார். என் போனில் அவரும் கணவரும் குனிந்து பார்த்தார்கள். தான் அழுததைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

"ஐய, தரை இன்னா இப்டிக் கீது! பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க? நான் கழுவி வெச்சிருந்தேனே."

திரும்பி வந்து, முதலில் எடுத்த சுத்தமான தரையைப் படத்தின் கடைசியில் ஒட்டினேன். எல்லாம் முடிந்தபின் கழுவியதுபோல் இருந்தது. ஆசிரியை நல்ல முடிவு என்றார். அக்காவுக்கு அனுப்பினேன், அவர் சந்தோஷமாகச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். அவர் சந்தோஷப்பட்டது எனக்கு இன்னும் கனத்தது. அந்தத் தரையை அழுக்காக்கச் சொன்னது நான்தான் என்பது, நான் நறுக்கித் திருப்பிப் போட்ட படத்தில் எங்கேயும் இல்லை.

அடுத்த மழைக்கு நான் ஒரு சேனலில் சமையல் நிகழ்ச்சியில் உதவியாளராக இருந்தேன். அக்காவிடமிருந்து போன் வந்தது. "தண்ணி வாசலுக்கு வந்துகினு கீதும்மா. இப்ப நீ டிவிலதானே கீறே? கேமராக்காரங்கள இட்டாறியா?"

செய்திப் பிரிவில் போய்க் கேட்டேன். வேளச்சேரி காட்சிகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன என்றார்கள். பாதி வேலையில் அனுமதி கேட்டுக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நடந்து அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அக்கா என் தோளுக்குப் பின்னால் தெருவையே பார்த்தார்.

"நீ மட்டும்தானா?"

"நான் மட்டும்தான்கா."

அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, இந்த அரிசி மூட்டைய ஒரு கை புடி" என்றார். மாடி வீட்டுக்காரர் படியில் இடம் கொடுத்திருந்தார். மூட்டை, மிக்சி, துணி என்று ஒவ்வொன்றாக ஏற்றினோம். அதற்குள் தண்ணீர் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.