மாடி வீட்டு ஜெர்மனிக்காரர்

“...அவருக்கு இந்த ஊரு சீப்பா இருக்கு சார், அதனாலயே எனக்கு எட்டாமப் போகுது” என்கிறார் ஸ்டெல்லா அக்கா. அந்தப் பேச்சை மனதில் முடிந்துகொள்கிறேன்.

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு தக்காளி வண்டி முன்னால் நிற்கிறோம். நான் நண்பர் வீட்டுக்கு வந்தவன். அக்கா எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் பல வருடமாகக் குடியிருப்பவர். மாடிக்கு வந்த ஜெர்மனிக்காரர் கேட்ட வாடகையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறாராம். கீழ்வீட்டையும் அப்படி ஒருவருக்கே விட ஆசைப்பட்டு, அக்காவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டு ஓனர்.

“அந்த மாடிக்காரர் மேல கோபம் இல்லையா அக்கா?”

“இல்லாம என்ன? பேச்சையே நிறுத்திட்டேன்.”

அதற்குள் அந்த ஜெர்மனிக்காரரே துணிப்பையோடு இறங்கி வருகிறார். வண்டிக்காரர் அள்ளிப் போடுவதையெல்லாம் சிரித்த முகமாக வாங்கிக்கொள்கிறார். பேரமும் இல்லை, ஒரு பழத்தைக்கூட அழுத்திப் பார்க்கவும் இல்லை.

அக்கா சட்டென்று அவர் பையைப் பிடுங்குகிறார். “ஏம்ப்பா, ஆளு வெள்ளையா இருந்தா அழுகலைப் போட்டுடுவியா?” என்று வண்டிக்காரரை அதட்டி, அத்தனையையும் வண்டியிலேயே கொட்டுகிறார். பிறகு நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டு, மேலே ஒரு கொத்து கறிவேப்பிலையையும் திணித்து, அவர் முகத்தைப் பார்க்காமலேயே பையை நீட்டுகிறார்.