சங்கத் தேர்தலில் ஒரு வாளிச் சாயம்

நண்பர்களே, படிப்பகப் பலகையில் இதைச் சுடச்சுட ஒட்டுகிறேன்.

நம் நெசவாளர் சங்கத்தில் தலைவரைக் கைதூக்கித்தான் தேர்ந்தெடுப்பார்கள். தலைவர் முதலாளியின் மச்சான். எதிர்த்துக் கை தூக்கினால் மறுநாள் வேலை இருக்காது. மாதக்கணக்கில் சண்டை போட்டு, இன்றுதான் ரகசியச் சீட்டு வந்தது.

முதல் ஆள் என் அம்மா. முதலாளியின் சாயப்பட்டறையிலிருந்து ஈரக் கையோடு நேராக வந்திருந்தாள். சீட்டை மடித்தாள். விரல் பட்ட இடமெல்லாம் சிவப்பு.

தலைவர் சிரித்தார். "இன்னாம்மா, ரகசியம்னு கேட்டுட்டு நீயே அடையாளம் வச்சிக் குடுக்கிற!"

அம்மா சீட்டைப் பெட்டியில் போடாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

நான் பட்டறைக்கு ஓடினேன். கொட்ட வைத்திருந்த மிச்சச் சாயத்தை வாளியோடு தூக்கிவந்து சங்க வாசலில் வைத்தேன்.

"கல்யாணத்துக்கு சந்தனம், ஓட்டுக்கு சாயம்! கைய நனைச்சிக்கினு உள்ள போங்கப்பா!"

"வேட்டியில பட்டா நீயா தோய்ப்ப?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு வேணு மாமா. கேட்டுக்கொண்டே முதலில் கையை விட்டவரும் அவர்தான். பிறகு எல்லோரும் முண்டியடித்தார்கள். அம்மா சிரித்தபடி சீட்டைப் போட்டாள்.

பெட்டியைக் கவிழ்த்தால் அத்தனை சீட்டும் சிவப்பு. எது யாருடையது என்று எந்த மச்சானும் கண்டுபிடிக்க முடியாது. தலைவர் தோற்றும் போனார்!

ஒரே ஒரு தொல்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தும் சாயம் போகவில்லை. நம் பிள்ளையார்பாளையமே மதியம் கரண்டியால் சாப்பிட்டது. சாயம் போக வழி தெரிந்தவர்கள் கீழே பென்சிலால் எழுதுங்கள். ராத்திரி எங்கள் வீட்டில் ரசம்; அதைக் கையால் பிசையாமல் கரண்டியால் சாப்பிட்டால் ருசிக்குமா?