பேய்ப் பெண்ணின் கடைசி வரி

செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டு மாடி அறையில், ஒரு கார்த்திகையிலிருந்து மாசி வரை தைவானைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் குடியிருந்தார். பழைய சீனத்து விசித்திரக் கதைகளை அவர் மாலையில் ஆங்கிலத்தில் சொல்வார். நான் தமிழில் எழுதுவேன். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அவ்வளவு நிம்மதியான மாலைகள் பிறகு எங்களுக்கு அமையவில்லை.

அந்தக் கதைகள் செய்திக்குறிப்பு போலச் சுருக்கமானவை. இன்ன ஊர்க்காரன் இதைக் கண்டான், அவ்வளவுதான். நடுவில் திடீரென்று நான்கு வரிப் பாட்டு வரும். பல கதைகளில் அதைப் பாடுவது பேய்.

ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு கதையையாவது தமிழில் முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். வழிப்போக்கன் ஒருவனுக்குச் சோறு போட்டு, விடியும்போது பாட்டுப் பாடி அனுப்பும் பெண்ணின் கதை. அவன் திரும்பிப் பார்த்தால் வீடு இல்லை, கல்லறைதான் இருக்கிறது.

பாட்டு எனக்குப் பிடிபடவில்லை. "சோகமாகப் பாடினாள் என்று எழுதிவிடலாமே" என்றேன்.

அவர் ஒப்பவில்லை. கதை முழுக்க யாரோ சொன்னது, அவள் வாயால் சொன்னது அந்த நான்கு வரி மட்டும்தான் என்றார்.

"அதானே. செத்த பிறகும் சோறாக்கிப் போட்டிருக்கா, நாலு வரி பேசக்கூடாதா?" என்றாள் என் மனைவி.

அவர் கிளம்பும் நாள் காலையில்தான் பாட்டு முடிந்தது. கார் வாசலில் நிற்க, கூடத்தில் கதையைப் படித்தேன். அவருக்கும் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது. கடைசி வரியில் கையை உயர்த்தினார்.

"போய் வரேன்? அவ திரும்பி வருவாளா, சார்?"

வரமாட்டாள். எங்கள் வீடுகளில் யாரும் "போறேன்" என்று சொல்லிக் கிளம்புவதில்லை. அந்தப் பழக்கத்தில் என் கை தானாக எழுதியிருந்தது. அடித்துவிட்டு, "போகிறேன்" என்று எழுதினேன்.

என் மனைவி பதறினாள். "ஏங்க, அக்கா கிளம்பற நேரத்துல வீட்டுக்குள்ள அதைப் படிக்காதீங்க."

"படிக்காம அவங்க எப்படிக் கேக்கறது?"

"தெருவுல நின்னு படிங்க. பேய்க்கு அது போதும்."

தெருவுக்கு வந்தோம். டிரைவர் ரேடியோவை நிறுத்தினார். பாட்டை முழுதாகப் படித்தேன். ஆசிரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். இந்த முறை கடைசி வரியை அவரும் என்னோடு சேர்ந்து மெதுவாகச் சொன்னார்.

"போதுங்க, பெட்டிய ஏத்துங்க" என்றாள் என் மனைவி, வாசலுக்குள் நின்றபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.