வலை நூல் தையல்

குற்ற நாவல் எழுதுகிறவன் நான். ஒரு பழைய கொலை வழக்கைக் கேட்டு எழுதத்தான் தூத்துக்குடி துறைமுகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அதை விசாரித்த ஓய்வுபெற்ற ஏட்டைச் சந்தித்தேன். நரைத்த முடியை இன்னும் போலீஸ்காரர் போலவே ஒட்ட வெட்டியிருந்தார். ஆனால் செத்தவனைப் போலீஸ் வழக்கப்படி 'பாடி' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கொலையாகிக் கரை ஒதுங்கியவனை 'அந்தத் தம்பி' என்றே சொன்னார். முகம் சிதைந்திருந்ததாம். கிழிந்த சட்டைப்பையை யாரோ வலை நூலால் தைத்திருந்தார்கள். அந்தச் சட்டையைப் பக்கத்து மீனவ ஊரான தருவைகுளத்தில் வீடு வீடாகக் காட்டியிருக்கிறார். ஒரு தாய் தன் தையலை அடையாளம் கண்டாள்.

எழுதி முடித்த அத்தியாயத்தை அவரிடமே வாசித்துக் காட்டினேன். அவர் ஆறிப்போன டீயைத் தள்ளிவைத்தார்.

"பேர மாத்திட்டிய, ஊர மாத்திட்டிய. அந்தத் தையல மாத்தலியே சார். அந்த அம்மா இன்னும் இருக்காவ. இன்னொரு தடவ அடையாளம் காட்டணுமா அவுக?"

"மாத்திடுதேன் அண்ணாச்சி" என்றேன்.

நாவல் வந்துவிட்டது. படித்தவர்கள் எல்லாரும் அந்தத் தையலைத்தான் மெச்சுகிறார்கள். அவருக்கென்று எடுத்துவைத்த பிரதி என் மேஜையிலேயே கிடக்கிறது. வேறு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வீடு வீடாக அலைந்தவர் அவர். நான் தேடவே இல்லை.