நான்கு ஊருக்குக் கேட்ட அடி

என் நியமன ஆணையில் 'உதவி அரசு வழக்கு நடத்துநர்' என்று இருக்கும். திண்டிவனத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடைக்காரரிலிருந்து விலங்கு மாட்டி அழைத்து வரப்படுகிறவர் வரை எல்லோருக்கும் நான் 'பி.பி. அம்மா'தான். வீடு விழுப்புரத்தில். காலையில் ரயில், சாயங்காலம் கிடைத்த பஸ். நடுவில் இருக்கிற நேரத்தில், மனிதர்கள் மறக்க நினைக்கிற விஷயங்களை அரசாங்கத்தின் சார்பாக அவர்களுக்கு ஞாபகப்படுத்துவது என் வேலை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், குற்றவாளிகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவர்கள் பாவம், பேசாமல் கூண்டில் நிற்பார்கள். அடி வாங்கினவர்களோடுதான் பெரும்பாடு. அடிபட்ட அன்று ஸ்டேஷனில் போய்க் கத்திக் கூப்பாடு போட்டுக் கேஸ் கொடுத்திருப்பார்கள். விசாரணை வருவதற்குள் அடித்தவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார்கள். சில பிரிவுகளில் சமாதானமாகப் போய்விட்டோம் என்று சொல்லிக் கேஸை முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. அதனால் கூண்டேறி, "என்னை யாரும் அடிக்கலைங்க" என்பார்கள். நானும் எழுந்து, "இவரைப் பிறழ்சாட்சியாகக் கருத அனுமதி வேண்டும்" என்பேன். என் சாட்சியை நானே குறுக்கு விசாரணை செய்வேன். பெரும்பாலும் தோற்பேன்.

நான் சொல்ல வந்த மைக் கேஸும் அப்படித்தான் போகப் போகிறது என்று எங்கள் கோர்ட் ஏட்டு முன்கூட்டியே சொல்லிவிட்டார். சாட்சிகளுக்குச் சம்மன் கொடுத்து அழைத்து வருவது அவர் பொறுப்பு. சம்மன் கொடுக்கப் போனவர் திரும்பி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"பேஜாரு கேஸும்மா இது. ரெண்டு பேரும் ஒண்ணாக் குந்திக்கினு டீ குடிச்சிக்கினு இருக்கறானுங்க. ஊர்ல ஒருத்தன் விடாம 'கேட்டோம், ஆனா பாக்கலை'ன்றான்."

கேட்டோம் என்று அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற ஊர். மாதா கோயில் தேர்த் திருவிழா. தேர் கிளம்புகிற சாயங்காலம், மைக் செட்காரர் ஒரு விவசாயியின் தலையில் மைக்கால் ஒன்று போட்டார். மைக் அப்போது ஆன் ஆகியிருந்தது. தென்னை மரங்களில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் வழியாக அந்த 'டொங்' சத்தமும், அதைத் தொடர்ந்து விவசாயி உதிர்த்த ஒரே ஒரு நீண்ட சொல்லும் சுற்றிலும் நான்கு ஊர்களுக்குக் கேட்டன. அந்தச் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் புகார் மனுவில் இருந்தது. திண்டிவனத்தில் மூன்று தையல் போட்டு, தலைக்காயம் என்பதால் ஸ்கேன் எடுக்க முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். மண்டைக்குள் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஏட்டு அதை இரண்டு முறை சத்தமாகப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்காமல் ஃபைலை வாங்கிக்கொண்டேன்.

போலீஸ் அதை 'ஆபத்தான ஆயுதத்தால் காயம் ஏற்படுத்தியது' என்று பதிவு செய்துவிட்டது. ஆபத்தான ஆயுதம் என்று எழுதிய பிறகு சமாதானத்துக்கு வழியில்லை. மைக்கையும் கைப்பற்றி, சீட்டுக் கட்டி, அரக்கு வைத்து, கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய காலத்து இரும்பு மைக். நல்ல கனம்.

விசாரணைக்கு முந்தின வாரம் விவசாயி என்னைப் பார்க்க வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி வளராமல் ஒரு கோடு. கூட அவர் மனைவியும், ஒரு பை நிறைய வேகவைத்த வேர்க்கடலையும் (எங்கள் பக்கத்தில் மல்லாட்டை) வந்திருந்தன. தகராறு பெரிதாகியிருக்கும், பாதுகாப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அம்மா, எங்க மைக்கக் குடுத்துடுங்கம்மா. திருவிழா வந்துக்கினு இருக்குது. வேற மைக்குல சவுண்டு கொரகொரன்னுது."

அடி வாங்கினவர் அடித்த ஆயுதத்தைத் திருப்பிக் கேட்டு வந்தது என் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை. "அது உங்களை அடிச்ச மைக்குங்க" என்றேன்.

"அது எங்க அண்ணன் மைக்குங்கம்மா" என்றார் மனைவி.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. மைக் செட்காரர் அந்த அம்மாவின் பெரியப்பா மகன். இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் அண்ணன். நடுவில் இவர்.

"கேஸ் முடிஞ்சாத்தான் மைக் கிடைக்கும். நடந்ததை நடந்தபடி கோர்ட்ல சொல்லுங்க, போதும்" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடந்ததைச் சொல்கிற உத்தேசம் அந்தப் பார்வையில் இல்லை. கேஸ் முடியட்டும் என்று மல்லாட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏட்டுவின் முகம் வாடியது.

விசாரணை அன்று மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். விவசாயி சாட்சிக் கூண்டில் ஏறினார். மச்சான் எதிர்க் கூண்டில். எங்கள் மாஜிஸ்திரேட் வயதில் என்னைவிட இளையவர், சிரிப்பு வந்தால் பேனா மூடியைக் கடித்துக்கொள்கிறவர்.

"அன்னிக்கு என்ன நடந்தது?" என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் நடக்கலைங்க. ஒரே கூட்டம், தள்ளிக்கினு இருந்தாங்க. நானே போயி மைக்குல மோதிக்கினேங்க."

"மைக் எங்கே இருந்தது?"

"மச்சான் கையிலங்க."

"மச்சான் கை எங்கே இருந்தது?"

கொஞ்சம் யோசித்தார். "மேலங்க."

மாஜிஸ்திரேட் பேனா மூடியைக் கடித்தார். நான் வழக்கம்போல் பிறழ்சாட்சி அனுமதி கேட்டு வாங்கினேன். வழக்கம்போல் நான்கு கேள்வி கேட்டு உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். ஆனால் ஃபைலில் ஒரு வரி முந்தின நாளிலிருந்தே என்னைக் கிள்ளிக்கொண்டிருந்தது. தகராறின் காரணம். அந்த வருஷம் தேருக்குப் பூ முழுக்க இந்த விவசாயியின் உபயம். மைக் செட்காரர் அவசரத்தில் அவருடைய தம்பியின் பெயரை அறிவித்துவிட்டார். திருத்தச் சொன்னதற்கு, "தேர் கெளம்பட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றிருக்கிறார். இவர் மைக்கைப் பிடுங்கித் தானே அறிவிக்கப் போனதில் வந்தது அடி.

தம்பியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று ஏட்டு சொல்லியிருந்தார். எனக்குள் இருந்த குறும்பு எழுந்து நின்றுவிட்டது.

"தேருக்குப் பூ உங்க தம்பிதானே கொடுத்தார்?" என்றேன், ரொம்பச் சாதாரணமாக.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "பூவுக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம் ஐயா?"

"பார்ப்போம்" என்றார் மாஜிஸ்திரேட். அவருக்கும் ஆவல்.

கூண்டுக் கட்டையைப் பிடித்திருந்த விவசாயியின் விரல்கள் இறுகின. "யாரு சொன்னது? நான்தாங்க குடுத்தேன். ஒரு தேரு பூ!"

"மைக்ல உங்க தம்பி பேரைத்தானே சொன்னாங்க? ஊரே கேட்டிருக்கு. அப்போ அவர்தான் கொடுத்திருக்கணும். நீங்க கொடுத்ததா இங்கே வந்து பொய் சொல்றீங்க என்கிறேன்."

"அவனா? அவன் அவம் பொண்டாட்டிக்கே ஒரு மொழம் வாங்கித் தரமாட்டாம்மா! விடியக்காலம் திண்டிவனம் மார்க்கெட்டுக்கு வந்து சம்பங்கி, செவ்வந்தியெல்லாம் மூட்டை மூட்டையா ஏத்திக்கினு போனவன் நானு! பேர மாத்திச் சொல்லிட்டு, திருத்துடான்னா அப்புறம் பாக்கலாம்ன்றான். மைக்கப் புடுங்கினேன். ஆமா, புடுங்கினேன்! அதுக்காவத் தலையிலயா போடுவான்?"

தட்டச்சர் ஒரு சொல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். விவசாயி தன் வாயைத் தானே கையால் பொத்தினார். அதற்குள் எதிர்க் கூண்டிலிருந்து பதில் கிளம்பிவிட்டது.

"மாப்ள, நீ ஒயரோட சேத்து இழுத்த! ஆம்ப்ளிஃபையரே கவுந்துச்சி! அத்தச் சொல்லு மொதல்ல!"

"உன் டப்பா ஆம்ப்ளிஃபையரும் என் தலையும் ஒண்ணாடா?"

"டப்பாவா? போன வருசம் உம் பொண்ணு கல்யாணத்துக்கு எது பாடிச்சி?"

மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டி இருவரையும் அடக்கினார். எதிர்த்தரப்பு வக்கீல் தன் ஃபைலை மூடி அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன். ஏட்டு பின் வரிசையிலிருந்து கண்ணாலேயே சபாஷ் போட்டார். எனக்கும் கர்வம் தலைக்கு ஏறிவிட்டது, மறைக்க மாட்டேன்.

அது இறங்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாசலில் மச்சான் பைக்கைக் கிளப்பிக்கொண்டு தனியாகப் போனார். விவசாயி எதிர்ப் பக்கம் பார்த்தபடி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அவர் மனைவி வேப்பமரத்தடியில் என்னை மறித்தார். அன்றைக்கும் கையில் மல்லாட்டைப் பை இருந்தது.

"நல்லா இருக்குதாம்மா? எட்டு மாசம் ரெண்டு ஊட்டுக்கும் நடந்து நடந்து, ஈஸ்டர் அன்னிக்குத்தான் ரெண்டு பேரயும் பக்கத்துல பக்கத்துல குந்த வச்சி சோறு போட்டேன். நான் எட்டு மாசமா சேத்தத நீங்க அரை மணி நேரத்துல பிரிச்சிட்டீங்க."

"நான் கேட்டது சட்டப்படி..." என்று இழுத்தேன்.

"சட்டம் சாயங்காலம் பஸ் புடிச்சி விழுப்புரம் போயிடும். நான்தானம்மா இவரு கூட இருக்கணும்."

பையை ஏட்டுவிடம் கொடுக்கப் போனவர், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கொடுக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் எப்படியும் வாங்கியிருக்க மாட்டேன். ஆனாலும் நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் கிடைத்த கடுமையான தண்டனை அதுதான். ஏட்டு இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டாக்டர் சாட்சி, இன்ஸ்பெக்டர் சாட்சி எல்லாம் முடிந்து ஒரு மாதத்தில் தீர்ப்பு வந்தது. மைக்கை ஆபத்தான ஆயுதம் என்று ஏற்க முடியாது, சாதாரணக் காயம்தான் என்றார் மாஜிஸ்திரேட். குற்றம் நிரூபணம், ஆனால் முதல் தடவை, நெருங்கிய உறவு என்பதால் கண்டித்து எச்சரித்து விடுதலை. மைக்கை உரிமையாளரிடம் ஒப்படைக்க உத்தரவு. சாதாரணக் காயம் என்று போலீஸ் முதலிலேயே எழுதியிருந்தால், இருவரும் சேர்ந்து வந்து ஒரு மனு கொடுத்துக் கேஸை அன்றைக்கே முடித்திருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கரிக்கும்.

தீர்ப்பு நாளில் மூன்று பேரும் வந்திருந்தார்கள். மச்சான் வராந்தாவின் ஒரு கோடியில், மாப்பிள்ளை மறு கோடியில், அந்த அம்மா சரியாக நடுத் தூணில் சாய்ந்தபடி. மச்சான் மைக்கை வாங்க கிளார்க் மேஜைக்குப் போனார். கிளார்க் பதிவேட்டைத் திறந்து கையெழுத்துக் கேட்டார்.

நான் குறுக்கே போய் நின்றேன். ஏன் போனேன் என்று யோசிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது. "அப்படியே கொடுத்துட முடியாது. இதே மைக்தானான்னு அடையாளம் காட்ட ஒருத்தர் வேணும். அடிபட்டவர்தான் காட்டணும்."

இருபது வருஷ சர்வீஸ் உள்ள கிளார்க் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அப்படி ஒரு விதியை அவர் கேள்விப்பட்டிருக்க முடியாது. பிறகு தூணோரம் நின்ற அந்த அம்மாவைப் பார்த்தார். "ஆமாமா, மேடம் சொல்றது சரிதான்" என்று விவசாயியைக் கூப்பிட்டனுப்பினார்.

விவசாயி விறைப்பாக வந்தார். மைக்கைக் கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "இதான்" என்றார் மேஜையைப் பார்த்து.

"நல்லாப் பாத்துச் சொல்லு மாப்ள" என்றார் மச்சான், சுவரைப் பார்த்து. "அப்புறம் கூண்டுல ஏறி மாத்திச் சொல்லுவ."

விவசாயியின் உதடு துடித்தது. மைக்கைத் திருப்பிக் காட்டினார். "நான் எதுக்கு மாத்திச் சொல்றேன்? இந்தா, இங்க நசுங்கிக் கெடக்குது பாரு. இது முன்ன இல்ல. இது என் தலை பண்ணது."

மச்சான் மைக்கை வாங்கி அந்த நசுங்கலைக் கட்டைவிரலால் தடவினார். "அத்தத்தான் நானும் சொல்றேன். மொத்த நஷ்டமும் எனக்குத்தான்."

முதலில் சிரித்தது கிளார்க். அப்புறம் அவர்கள் இருவரும். விவசாயி தையல் தழும்பைத் தடவிக்கொண்டே சிரித்தார். மச்சான் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். வராந்தாவிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது: "கையெழுத்தப் போட்டுட்டு ஜல்தி வாங்க, பஸ்ஸு போயிடும்!"

படியிறங்கிப் போகும்போது ஸ்பீக்கரை எந்தத் தென்னையில் கட்டுவது என்று மறுபடியும் சண்டை ஆரம்பித்திருந்தது. ஆனால் மூவரும் ஒரே பஸ்ஸுக்குத்தான் போனார்கள்.

சாயங்காலம் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மாஜிஸ்திரேட் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"மேடம், மைக்குக்கு அடையாளம் காட்டினவர்னு ஒரு கையெழுத்து இருக்கே. இது எந்த விதியில வருது?"

"பார்த்துச் சொல்றேன் ஐயா" என்றேன்.

அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டார். அவருக்கு மாற்றலாகி வருஷம் இரண்டாகிறது. நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.